சவுக்குக் கழியும் இருபது மீட்டர் ஒயரும்

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கரைமீறி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளை மூழ்கடித்தது. அப்போது நான் ஒரு வகுப்புக்கு வகுப்பாசிரியர். 42 மாணவர்களின் பெற்றோர் எண்கள் என் குறிப்பேட்டில் இருந்தன. மூன்று நாள் ஒரு எண்ணுக்கும் அழைப்பு போகவில்லை. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்களின் ஜெனரேட்டர்களுக்கு டீசல் போய்ச் சேர வழியில்லை. எண்கள் இருந்தும் ஒருவரையும் எட்ட முடியாத அந்த மூன்று நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை.

மறு ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. மீண்டும் அதே நிலை. அதன் பிறகுதான் ஹாம் வானொலி பற்றிப் படிக்கத் தொடங்கினேன். 2018-இல் தேர்வெழுதி உரிமம் பெற்றேன். கருவியை வாங்குவது எளிது, ஆன்டெனாவைச் சரியாகக் கட்டுவதுதான் பாடம் என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. அந்தப் பாடத்தை மாணவர்களோடு சேர்ந்து படித்த அனுபவத்தை இங்கே பகிர்கிறேன். அறிவியல் ஆசிரியர்களுக்கும் கணித ஆசிரியர்களுக்கும் இதில் வகுப்புக்கு எடுத்துச் செல்ல நிறைய இருக்கிறது.

ஒரு மாணவியின் கேள்வி

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை. எங்கள் பகுதியில் மீண்டும் வெள்ளம். நான் பணிபுரியும் பள்ளி நிவாரண முகாமானது. மறுநாள் மழை விட்டது. செல்போன் இணைப்பு வரவில்லை. முகாமில் இருந்த ஓர் அம்மாவின் மகன் குரோம்பேட்டையில் வேலை பார்க்கிறார். அம்மா எங்கே இருக்கிறார் என்று மகனுக்குத் தெரியாது. "அவன் தண்ணியில இறங்கித் தேடி வந்துடுவான் டீச்சர், அதுதான் பயமா இருக்கு" என்றார்.

என்னிடம் 5 வாட் கையடக்கக் கருவி இருந்தது. வகுப்பறைக்குள் நின்று குரோம்பேட்டையில் இருக்கும் ஹாம் நண்பரை அழைத்தேன். இரைச்சல் மட்டுமே வந்தது. மொட்டை மாடிக்குப் போய், சவுக்குக் கழியின் நுனியில் டிவிக்குப் பயன்படுத்தும் பழைய தட்டை ஒயரால் செய்த ஆன்டெனாவைக் கட்டி உயர்த்தி மீண்டும் அழைத்தேன். நண்பரின் குரல் தெளிவாக வந்தது. செய்தி இரண்டே வரி: அம்மா பள்ளி முகாமில் இருக்கிறார், நலம், தேடி வர வேண்டாம். நண்பர் தெருவில் நடந்து போய்ச் செய்தியைச் சேர்த்தார். நான் செய்தது அவ்வளவுதான்.

அதை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் முகாமில் குடும்பத்தோடு தங்கியிருந்த எட்டாம் வகுப்பு மாணவி. "அதே ரேடியோ, அதே பேட்டரி. ஒயரை மாத்தினதும் எப்படி மிஸ் கேட்டுச்சு?" என்றாள். பள்ளி திறந்ததும் அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன்.

ஹாம் வானொலி என்பது

வருமானத்துக்காக அல்லாமல் ஆர்வத்துக்காகவும் கற்றலுக்காகவும், அரசிடம் உரிமம் பெற்று வானலையில் பேசுவதே ஹாம் வானொலி அல்லது அமெச்சூர் வானொலி. இந்தியாவில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிமம் வழங்குகிறது. 12 வயது நிறைந்தவர் தேர்வு எழுதலாம். மின்னியல் அடிப்படையும் விதிமுறைகளும் தேர்வில் கேட்கப்படும். பொதுநிலை உரிமத்துக்கு மோர்ஸ் சங்கேதமும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் அப்போதைய விதிகளைத் துறையின் சரள் சஞ்சார் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

பேரிடரில் இது எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலியாளர் தம் குழுவினருடன் அந்தமான் சென்று, போர்ட் பிளேரில் ஒரு விடுதியில் தற்காலிக நிலையம் அமைத்து உலகெங்கும் உள்ள ஹாம்களுடன் பேசிக்கொண்டிருந்தார். டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது அந்தத் தற்காலிக நிலையம்தான் செய்திகளைப் பெருநிலத்துக்குக் கொண்டு சேர்த்தது.

சென்னைக்கும் வானலைக்கும் உள்ள உறவு பழையது. 1924-இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் அதே ஆண்டு ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு அது ஆர்வலர்களின் முயற்சி. நம் தென்சென்னைப் புறநகருக்கும் பங்கு உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று விண்ணில் ஏவப்பட்டது. காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர்களின் எஸ்.ஆர்.எம்.சாட் 2011-இல், சோழிங்கநல்லூர் சத்யபாமா மாணவர்களின் சத்யபாமாசாட் 2016-இல். எங்கள் மாணவர்கள் மின்சார ரயிலில் தினமும் கடக்கும் ஊர்களில் செயற்கைக்கோள்கள் பிறந்திருக்கின்றன என்று சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒரு வகுத்தல் கணக்கு

ஆன்டெனாவின் நீளம் அலைநீளத்தைப் பொறுத்தது. ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். ஆகவே 300-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் பாதி அரையலை. ஒயரில் செய்யும்போது முனைகளின் விளைவால் நீளம் சற்றுக் குறைய வேண்டும், 0.95-ஆல் பெருக்கினால் போதுமானது.

வகுப்பில் நாங்கள் போட்ட கணக்குகள்:

சென்னை எஃப்.எம். ரெயின்போ, 101.4 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 2.96 மீட்டர். அரையலை ஆன்டெனா 1.41 மீட்டர். ஒரு கை 70 சென்டிமீட்டர்.

கையடக்கக் கருவியின் அலைவரிசை, 145 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 2.07 மீட்டர். காலலை 49 சென்டிமீட்டர்.

20 மீட்டர் பட்டை, 14.2 மெகாஹெர்ட்ஸ்: அரையலை 10.04 மீட்டர். ஒரு கை சுமார் 5 மீட்டர்.

40 மீட்டர் பட்டை, 7.1 மெகாஹெர்ட்ஸ்: அரையலை 20.07 மீட்டர். ஒரு கை சுமார் 10 மீட்டர்.

மாணவியின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. கையடக்கக் கருவியோடு வரும் ரப்பர் உறை போட்ட குட்டை ஆன்டெனா 15 அல்லது 20 சென்டிமீட்டர்தான். 49 சென்டிமீட்டர் வேண்டிய இடத்தில் கம்பியைச் சுருளாக்கிச் சுருக்கியிருக்கிறார்கள். சட்டைப்பைக்கு வசதி, அலைக்கு அல்ல.

மறுபாதி விடை உயரம். 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். தடையில்லாத வெளியில் வானலையின் தொடுவானத் தூரத்தைக் கிலோமீட்டரில் அறிய, ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்க வேண்டும். தரையில் நிற்பவரின் கையில் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் 5 கிலோமீட்டர். 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் 12.4 கிலோமீட்டர். இரு முனையிலும் 9 மீட்டர் என்றால் இரண்டையும் கூட்டி 24.7 கிலோமீட்டர். புறநகரின் கட்டடங்கள் இந்தத் தூரத்தைக் குறைக்கும். ஆனால் உயர்த்துவதன் பயன் எவ்வளவு என்பது கணக்கில் தெரிந்துவிடுகிறது. திருநீர்மலை மேல் ஏறிப் பார்த்த மாணவர்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள்: கண் எட்டும் இடத்துக்கு அலையும் எட்டும், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே எட்டும்.

எந்த ஆன்டெனாவை எடுத்துச் செல்வது?

வெளியிடத்துக்குப் புறப்படும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். யாரோடு பேச வேண்டும்? கட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? எத்தனை பேர் கட்டப் போகிறோம்?

ஊருக்குள் பேச வேண்டுமென்றால் 145 மெகாஹெர்ட்ஸ் போதும். இதற்கு எளிதான ஆன்டெனா காலலைத் தரைத்தள வகை: நடுவில் 49 சென்டிமீட்டர் நிமிர்ந்த கம்பி, கீழே சாய்வாக அதே அளவில் நான்கு கம்பிகள். சைக்கிள் ஸ்போக்ஸ் நீளம் போதாது. வெல்டிங் கடையில் பித்தளைக் கம்பி கிடைக்கும். எடுத்துச் செல்ல இன்னும் எளிது, முகாமில் நான் பயன்படுத்திய தட்டை ஒயர் வகை. சுமார் 1.5 மீட்டர் நீளம். சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிடலாம். கீழ்க் கம்பிகள் தேவையில்லை. பிவிசி குழாய்க்குள் செருகினால் மழைக்கும் தாங்கும். இரண்டையும் நிமிர்த்தித்தான் நிறுத்த வேண்டும். ஒருவர் நிமிர்த்தியும் மற்றவர் படுக்கவைத்தும் கட்டினால் குரல் மிகவும் மங்கிவிடும்.

ஒரு திசையை நோக்கிக் கேட்க வேண்டுமென்றால் யாகி. பழைய எஃகு இன்ச் டேப்பை வெட்டி, பிவிசி குழாயில் பொருத்தி மூன்று உறுப்பு யாகி செய்யலாம். பின்னால் இருக்கும் உறுப்பு சுமார் 1.05 மீட்டர், முன்னால் இருப்பது சுமார் 90 சென்டிமீட்டர். டேப் வளைந்து கொடுப்பதால் பேருந்தில் மடக்கிக் கொண்டுபோகலாம். வெட்டிய முனைகளில் இன்சுலேஷன் டேப் கட்டாயம் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் கையைக் கிழிக்கும். ஒளித்து வைத்த சிறு ஒலிபரப்பியைத் தேடும் விளையாட்டுக்கும், செயற்கைக்கோளைப் பின்தொடரவும் இதுவே ஏற்றது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து ஹாம் வானொலி வழியாக இந்திய மாணவர்களோடு பேசினார். ஒரு முறை நம் தலைக்கு மேல் கடக்க நிலையம் எடுத்துக்கொள்வது சுமார் 10 நிமிடம். அதற்குள் யாகியைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாவட்டம் தாண்டிப் பேச வேண்டுமென்றால் 40 மீட்டர் பட்டை. இங்கே உயரம் வேறு விதமாக வேலை செய்கிறது. அரையலை ஒயரைத் தாழ்வாக, 5 முதல் 7 மீட்டர் உயரத்தில் கட்டினால் அலையின் பெரும்பகுதி மேல்நோக்கிச் சென்று, அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்தது போல் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் கீழே இறங்கும். நடுவில் மலை இருந்தாலும் கட்டடம் இருந்தாலும் கவலையில்லை. வெள்ளத்தின்போது தாம்பரத்திலிருந்து திருச்சியையோ சேலத்தையோ பகல் நேரத்தில் எட்ட இதுவே வழி. 10 மீட்டர் கோபுரம் வேண்டாம் என்பது அரசுப் பள்ளிக்கு நல்ல செய்தி.

ஒரே ஆள் தனியாகக் கட்ட வேண்டிய நிலையில், ஒரு முனையில் மட்டும் இணைக்கும் அரையலை ஒயர் உதவும். ஒரு மரமும் ஒரு கயிறும் போதும். ஆனால் அதற்கு 49-க்கு 1 என்ற அளவில் மாற்றும் சிறு மின்மாற்றி செய்ய வேண்டும். கற்பிப்பதற்கு நடுவில் இணைக்கும் இரு கை ஆன்டெனாவே எளிது. அதைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம்.

நான் செய்த பிழை

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. பள்ளித் தலைமையாசிரியரின் அனுமதியோடு 18 மாணவர்கள் மைதானத்தில் கூடினார்கள். சாமான்கள்: வீட்டு மின் இணைப்புக்குப் பயன்படும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயர், நைலான் கயிறு, 7 மீட்டர் சவுக்குக் கழி, ரிச்சி தெருவில் வாங்கிய 50 ஓம் கேபிள் 15 மீட்டர், என் கருவி, 12 வோல்ட் பேட்டரி.

கரும்பலகையில் முன்தினமே எழுதியிருந்தேன்: "அரையலை = 20 மீட்டர்." மைதானத்தில் மாணவர்களை இரு குழுவாகப் பிரித்து, "ஆளுக்கொரு ஒயர் வெட்டுங்கள், இரண்டு கை வேண்டும்" என்றேன். அவர்கள் அளந்து வெட்டிக் கட்டினார்கள். கைகள் மைதானத்துக்கு வெளியே போகிற அளவுக்கு நீண்டன. மீதியைக் கம்பி வேலி ஓரமாக வளைத்துக் கட்டினோம். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எஸ்.டபிள்யூ.ஆர். அளவியின் முள் கடைசி வரை போய் நின்றது. கருவியிலிருந்து போகும் ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு அது. 1 இருந்தால் முழுதும் போகிறது. 2-க்குள் இருந்தால் வேலை செய்யலாம். அதைத் தாண்டினால் கருவிக்கே கேடு. இணைப்பைப் பார்த்தேன், சாலிடரைப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன். ஒரு மணி நேரம் ஓடியது. வெயில் ஏறியது. பின்வரிசையில் நின்ற சிலர் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது அந்த எட்டாம் வகுப்பு மாணவி தரையில் கிடந்த மிச்ச ஒயரைக் கையில் எடுத்தாள். அவள் அம்மா தையல் வேலை செய்பவர். கணக்குத் தேர்வில் அவள் வாங்கும் மதிப்பெண் குறைவு. ஒயரை நீளமாகப் பிடித்து, நடுவில் மடித்துக் காட்டி, "மொத்தமே இருபதுதானே மிஸ்? அதைப் பாதி பண்ணினாத்தானே ரெண்டு கை? நாம ஆளுக்கு இருபது வெட்டிட்டோம்" என்றாள்.

அவள் சொன்னது சரி. இரண்டு கையும் சேர்ந்துதான் அரையலை. நாங்கள் கட்டியது முழு அலை. அரையலை ஆன்டெனாவின் நடுவில் மின்தடைப்பண்பு 70 ஓமுக்குப் பக்கத்தில் இருக்கும், கைகளைச் சாய்த்துக் கட்டினால் 50-ஐ நெருங்கும், கேபிளுக்குப் பொருந்தும். முழு அலையின் நடுவிலோ அது ஆயிரக்கணக்கான ஓம். 50 ஓம் கேபிளோடு அது ஒருபோதும் சேராது. போதாக்குறைக்கு இரும்பு வேலியும் பக்கத்தில்.

பிழை மாணவர்களுடையது அல்ல. பலகையில் "மொத்தம்" என்ற ஒரு சொல்லை நான் எழுதவில்லை. அதை அவர்களிடம் அங்கேயே சொன்னேன். விளையாடப் போனவர்களும் திரும்பி வந்தார்கள்.

நிறுத்தும் முறை

இரண்டாம் முறை நாங்கள் செய்த வரிசையை அப்படியே தருகிறேன்.

1. ஒவ்வொரு கையையும் 10.5 மீட்டராக வெட்டுக. கூடுதல் அரை மீட்டர் முனையில் மடித்துச் சரிசெய்ய உதவும். வெட்டினால் ஒட்ட முடியாது; மடித்தால் விரிக்கலாம்.

2. நடு இணைப்புக்கு ஒரு துண்டு பிவிசி அல்லது பழைய பிளாஸ்டிக் அளவுகோல். கேபிளின் எடை சாலிடரில் தொங்கக் கூடாது. கேபிளை அத்துண்டோடு கயிற்றால் கட்டுக. மழைக்கு எம்-சீல் பூசுக.

3. இணைப்புக்குச் சற்றுக் கீழே கேபிளைச் சுமார் 15 சென்டிமீட்டர் விட்டத்தில் எட்டுப் பத்துச் சுற்று வளையமாகச் சுற்றிக் கட்டுக. கேபிளின் வெளிப்புறமாக அலை கருவிக்குத் திரும்பி வருவதை இது குறைக்கும்.

4. கழியைத் தூக்கும் முன்பே மூன்று இழுகயிறுகளைக் கழியின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கட்டுக. முளைகள் 120 பாகை இடைவெளியில், கழியின் அடியிலிருந்து அதன் உயரத்தில் பாதிக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும். அடிப்பகுதி நழுவாமல் சிறு குழி. ஒருவர் அடியை மிதிக்க, ஒருவர் கழியை நடந்தபடி உயர்த்த, மூவர் கயிறு பிடிக்க வேண்டும். ஐவர் வேலை.

5. கைகளைக் கவிழ்ந்த 'வி' போல் இரு பக்கமும் சாய்த்துக் கட்டுக. முனைகள் தரையிலிருந்து 2.5 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. பேசும்போது முனைகளில் மின்னழுத்தம் மிக அதிகம். மாணவர் கை எட்டக்கூடாது. முனையையும் முளையையும் நைலான் கயிறு இணைக்கும். ஈரமான சணல் கயிறு வேண்டாம்.

6. அளவியில் பாருங்கள். எந்த அதிர்வெண்ணில் மிகக் குறைவு என்று குறித்துக்கொள்ளுங்கள். வேண்டியதைவிடக் கீழே இருந்தால் ஒயர் நீளம் அதிகம். இரு கையையும் சம அளவு மடியுங்கள். கைக்கு 10 சென்டிமீட்டர் மடித்தால் ஏறத்தாழ 70 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும்.

நான்காவது, ஐந்தாவது படிகளுக்கு இடையே கணித ஆசிரியர் ஒரு கேள்வி போட்டார்: உச்சி 7 மீட்டர், முனை 2.5 மீட்டர், கை 10 மீட்டர் என்றால் தரையில் எவ்வளவு இடம் வேண்டும்? பிதாகரஸ் தேற்றம். உயர வேறுபாடு 4.5. நூறிலிருந்து 20.25-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 8.93. இரு பக்கமும் சேர்த்து சுமார் 18 மீட்டர். மாணவர்கள் மைதானத்தில் இன்ச் டேப்பை விரித்து அளந்து பார்த்தார்கள். கோ-கோ ஆடுகளத்துக்குள் அடங்கியது.

கொடிக்கம்பத்தில் கட்டிவிட்டால் என்ன என்று ஒருவன் கேட்டான். கூடாது. அதற்கு உரிய மரியாதை ஒரு காரணம். அது இரும்பு, அலையைக் கெடுக்கும் என்பது இன்னொரு காரணம்.

காலை 11.20-க்கு அளவி 1.4 காட்டியது. அழைத்தேன். மூன்றாம் அழைப்புக்குத் திருச்சியிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். 18 பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். பேசியது நான் மட்டுமே; உரிமம் இல்லாதவர் பேசக்கூடாது. மாணவர்கள் நேரம், அதிர்வெண், குரலின் தெளிவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதினார்கள்.

பாதுகாப்பு

இதில் சமரசம் கிடையாது. மின்கம்பி செல்லும் இடத்துக்கு அருகே கழியைத் தூக்கவே கூடாது. கழி சாய்ந்தால் எங்கே விழும் என்று முதலில் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் மின்கம்பி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். நம் மின்சார ரயில் பாதையின் மேல்கம்பியில் 25,000 வோல்ட் செல்கிறது. தண்டவாளத்தை ஒட்டிய பள்ளிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இடி முழங்கினால் உடனே கேபிளைக் கழற்றி, மாணவர்களை உள்ளே அனுப்பிவிடுங்கள். தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் மீனம்பாக்கத்தில் விமான நிலையமும் இருப்பதால் பட்டத்தையோ பலூனையோ கொண்டு ஒயரை உயர்த்தும் எண்ணமே வேண்டாம். இழுகயிறுகளில் வண்ணத் துணி கட்டுங்கள். ஓடும் குழந்தை தடுக்கி விழாது. உரிமம் உள்ளவர் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. நிலையத்தை வேறிடத்தில் இயக்குவதற்கான விதிகளையும் அவர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் இல்லாமலே செய்யும் செயல்பாடு

ஹாம் கருவி இல்லாத பள்ளியிலும் இந்தப் பாடத்தை நடத்தலாம். சாதாரண எஃப்.எம். ரேடியோ ஒன்று போதும்.

தாம்பரத்தில் சென்னை நிலையங்கள் மிக வலுவாகக் கேட்கும், வேறுபாடு தெரியாது. ஆகவே மங்கலாகக் கேட்கும் வெளியூர் நிலையம் ஒன்றைத் தேடுங்கள். அதன் அதிர்வெண்ணைக் கொண்டு காலலை நீளத்தை மாணவர்களே கணக்கிடட்டும். ரேடியோவின் ஆன்டெனாவை முழுதும் உள்ளே தள்ளிவிட்டு, முதலைப் பிடிப்பால் 20 சென்டிமீட்டர் ஒயரை இணைத்துக் கேட்கவும். பிறகு கணக்கிட்ட நீளம். பிறகு 2 மீட்டர். ஒவ்வொன்றையும் நிமிர்த்தியும் படுக்கவைத்தும், அறைக்குள்ளும் மாடியிலும் கேட்டு, தெளிவுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்து அட்டவணையில் எழுதட்டும். ஒருவர் மட்டும் மதிப்பெண் போட்டால் சார்பு வரும். மூவர் போட்டுச் சராசரி எடுக்கட்டும். செல்போனில் எஃப்.எம். கேட்க இயர்போன் ஏன் செருக வேண்டும் என்று கேளுங்கள். அதன் ஒயர்தான் ஆன்டெனா என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஆறாம் வகுப்பினருக்கு இது நீளம் அளத்தலும் தசம வகுத்தலும். எட்டு, ஒன்பதுக்கு அலை, அதிர்வெண். பத்துக்கு மின்காந்த அலை, பிதாகரஸ். வானவில் மன்றச் செயல்பாட்டு நேரத்திலும் பொருந்தும். சமூக அறிவியல் ஆசிரியர் பேரிடர் மேலாண்மைப் பாடத்தோடு இணைத்துக்கொள்ளலாம். உங்கள் பகுதியில் உரிமம் பெற்ற ஹாம் யாராவது இருந்தால் பள்ளிக்கு அழையுங்கள். நான் அறிந்தவரை, மாணவர் முன் கருவியைக் காட்ட மறுக்கும் ஹாம் இல்லை.

அன்று தவறாக வெட்டிய இரண்டு 20 மீட்டர் ஒயர்களும் வீணாகவில்லை. அவற்றைப் பாதியாக வெட்டினால் 10 மீட்டரில் நான்கு கைகள். மடிக்க அரை மீட்டர் மிச்சம் வைக்க முடியாததால் முனையில் ஒரு சிறு துண்டு சேர்த்துக்கொண்டோம். ஆக, பள்ளிக்கு இரண்டு ஆன்டெனாக்கள். ஒன்று ஆய்வகத்தில் இருக்கிறது. மற்றொன்றைச் சுருட்டி, கயிறும் முளைகளும் சேர்த்து ஒரு பையில் போட்டு, மாடிப்படி அருகே உள்ள அலமாரியில் வைத்திருக்கிறோம். வெள்ளம் தரைத்தளத்துக்கு வந்தாலும் பைக்கு எட்டாது. பையின் மேல் அந்த மாணவி தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "மொத்தம் 20 மீட்டர். ஒரு கை 10."

அவளுக்கு 12 வயது எப்போதோ நிறைந்துவிட்டது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.